வேண்டாம் என்று சொன்ன படகு

தூண்டில் போடக் கடலுக்குள் கூட்டிப்போகிற படகை அவசரப்பட்டுப் பிடிக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் அம்மா. முதலில் கரையில் சும்மா நின்று பார்க்க வேண்டும். எந்தப் படகுக்காரர் நம்மிடம் பேசுவதற்கு முன்னால் வானத்தைப் பார்க்கிறார், எவர் நம் பையைப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொள்வதற்கு இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மெத்தைக்குப் பதிலாகக் கிடக்கிறதா, எஞ்சின் ஒரே இழுப்பில் பிடிக்கிறதா, கெஞ்ச வேண்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். நான் பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன்.

காஞ்சிபுரத்துக் கிழவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். கடலைப் பற்றித் தெரியாது. ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்க வைப்பது எப்படி என்று தெரியும். அதுதான் என் தொழில்.

பெயர் சின்னப்பையன். வயது எழுபத்தொன்று. இரண்டில் ஒன்று பொய் என்று தோன்றும், இரண்டும் நிஜம். பிறந்தது முசரவாக்கம். இருப்பது பிள்ளையார்பாளையம். கோயில் வாசலில் நின்று, சாமி கும்பிட வரும் வெளியூர்க்காரர்களைப் பட்டுப் புடவைக் கடைக்கு அழைத்துப் போவது வேலை. எங்கள் வேலையில் ஒரே ஒரு வித்தைதான் உண்டு. நாம் விற்க வேண்டிய புடவையை நல்ல புடவை என்று சொல்லக் கூடாது. முதலில் அவர்களால் எட்ட முடியாத ஒன்றைப் பிரித்துப் போட வேண்டும். பிறகு யாருமே தொடாத ஒன்றை. மூன்றாவதாக நம்முடையதை எடுத்து, பாதி பிரித்து, "இது உங்களுக்கு வேணாம்மா, உள்ள வெச்சிடுப்பா" என்று கடைப் பையனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அம்மா கையை நீட்டிவிடுவார். வீட்டுக்குப் போய், நானே தேடி எடுத்தேன் என்று சொல்லிக்கொள்வார். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை.

மற்ற நேரங்களில் கதை சொல்வேன். தாமல் ஏரியில் நான் பிடித்த விரால் மீனைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை இழுத்துக் கரையில் போட்டதும் ஏரித் தண்ணீர் ஒரு முழம் இறங்கிவிட்டது. கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று விவசாயிகள் சண்டைக்கு வந்தார்கள். வேறு வழியில்லாமல் மீனைத் திரும்ப ஏரியிலேயே விட்டேன். ஆகவே காட்டுவதற்கு மீன் இல்லை.

இந்தக் கதையை நான் சொல்லி முடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து "பொய்" என்று ஒரே வார்த்தை சொல்கிறவன்தான் பஞ்சாட்சரம். என் மனைவி அன்னம்மாளின் தம்பி. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற தொழில். எந்த நாளில் பார்த்தாலும் விரல்களில் ஒரு நிறம் இருக்கும். அவன் ஜோடித்துப் பேச மாட்டான்; அவனுக்கு வராது. ஒரு முறை தாமலில் நிஜமாகவே நல்ல கெண்டை ஒன்று பிடித்தான். அதை உயிரோடு வாளியில் போட்டு, சைக்கிளில் கட்டி, எங்கள் வீடு வரை கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் குழம்புக்குக் கொடுத்தான். வெறும் வாயால் சொன்னால் தன்னையும் என் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம்.

என்னைப் பற்றி அவன் சின்ன வயதிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மாமா எதைச் சொல்கிறாரோ அதற்கு நேர் எதிராகச் செய்தால் தப்பில்லை. மழை வரும், குடையை எடுத்துக்கொள் என்பேன். குடையை எடுத்திருந்தாலும் வைத்துவிட்டுப் போவான். தொப்பலாகத் திரும்பி வந்து, தெருக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டேன் என்பான். நாற்பது வருஷம் இது எங்கள் இருவருக்கும் விளையாட்டு. இது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஒரே பையன். அருள். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிரேன் பக்கம் வேலை பார்த்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்று அங்கிருந்து போன் வந்தது. அன்னம்மாளுக்கு அப்போதுதான் இதயத்தில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். அதிர்ச்சி தரும் செய்தி எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அருளுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தேன். சாம்பலை அங்கேயே கடலில் கரைத்தேன். திரும்பி வந்தபோது அன்னம்மாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கப்பல் ஏறிட்டானா?" என்றாள்.

"ஏறிட்டான்."

"பயந்தானா?"

"சிரிச்சிக்கினே போனான்."

அவன் கடலில் இருக்கிறான் என்று நான் சொன்னது முழுப் பொய் அல்ல.

ஒரு மாதம் கழித்து, அவள் தேறியதும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த மாதம் அருள் கொழும்பில் இருந்தான். அடுத்த மாதம் சிங்கப்பூர். அன்னம்மாளுக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும். ஆகவே அவன் என்னோடுதான் பேசுவான், அதுவும் நான் கோயில் வாசலில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பேசுவான். கப்பலிலிருந்து ஒரே ஒரு நம்பருக்குத்தான் பேச விடுவார்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தேன். மத்தியானம் சாப்பிட வரும்போது நான் சேதி கொண்டுவர வேண்டும். அவள் என் உதடுகளைப் பார்த்துக்கொண்டே சோறு போடுவாள். ஜப்பான் பக்கம் அருள் போட்ட தூண்டிலில் ஒரு மீன் மாட்டிக் கப்பலையே இரண்டு நாள் பின்னால் இழுத்துக்கொண்டு போனது, கம்பெனிக்காரர்கள் டீசல் மிச்சம் என்று அவனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு ஊரில் மழை உப்புக் கரித்தது, சமையல்காரர் சாம்பாருக்கு உப்பே போடவில்லை. அவள் சிரிப்பாள். கொரோனா வந்தபோது உலகத்தில் எல்லாரும் கஷ்டப்பட்டார்கள். எந்தக் கப்பலும் ஆட்களை இறங்க விடவில்லை என்பதால் எனக்கு மட்டும் இரண்டு வருஷம் கஷ்டமில்லாமல் போயிற்று.

இதில் வடிவு இருக்கிறாள். பஞ்சாட்சரத்தின் ஒரே மகள், தாயில்லாப் பெண். அருளுக்கு முறைப்பெண். அத்தான் ஒரு தடவை ஊருக்கு வந்தால் கல்யாணம் என்று பேச்சு. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். அத்தை அன்னம்மாளின் முகத்துக்காக வடிவு இரண்டு பேரையும் திருப்பி அனுப்பினாள். அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. அதை நான் கவனிக்காமல் இல்லை. கப்பல் ஒரு நல்ல துறைமுகத்துக்கு வரட்டும், அங்கே அருளுக்கு ஒரு வெள்ளைக்காரியைப் பிடித்துக் கட்டிவைத்து வடிவை விடுவித்துவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் அன்னம்மாள் அழுவாள். தள்ளிப்போட்டேன்.

இந்த வைகாசியில், கருட சேவை முடிந்த வாரம், பஞ்சாட்சரம் கோயில் வாசலுக்கு வந்தான். கை நிறையக் கத்தரிப்பூ நிறம். அன்றைக்கு அவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. அவன் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு ராமராஜன் என்று ஒருவர் வந்திருக்கிறார். விசாகப்பட்டினத்தில் அருளோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நல்ல பையன், பாவம், அவங்க அப்பா தனியா வந்து கொள்ளி வெச்சிட்டுப் போனாரு என்று.

"பொய்யின்னு சொல்லுங்க மாமா," என்றான். "எத்தினியோ சொல்லியிருக்கீங்க, இத ஒண்ணு பொய்யின்னு சொல்லுங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி நான் சும்மா இருந்து அவன் பார்த்ததே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். பிறகு முகத்தைத் துடைத்தான். கன்னத்தில் சாயம் ஒட்டியது.

"எம் பொண்ணு ஏழு வருசமா ஒரு செத்தவனுக்காக உக்காந்துக்கினு இருக்குது மாமா. நான் அக்காகிட்ட சொல்லத்தான் போறேன்."

"அவ தாங்க மாட்டாப்பா."

"தாங்குமோ தாங்காதோ, அது பெத்த புள்ள. அவனுக்காக அக்கா அழுவ வேணாமா?"

நியாயமான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. நானே சொல்கிறேன், ஆனி முடியட்டும் என்றேன். அதற்கு முன்னால் இரண்டு பேரும் கடற்கரைப் பக்கம் இரண்டு நாள் போய் வரலாம் என்றேன். முதல் நாள் படகில் போய்த் தூண்டில் போடலாம். கடல் மீன் பிடிக்க வேண்டும் என்பது அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. மறுநாள் காலையில் கடலில் முங்கி அருளுக்கு எள்ளும் தண்ணீரும் விடலாம். ஊருக்குத் திரும்பியதும் உங்க அக்காவிடம் என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன், அதுவரை வடிவிடமும் சொல்லாதே என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். என் சட்டைக் கையில் அவன் விரல்களின் சாயம் இன்னும் இருக்கிறது, பாருங்கள். துவைத்தும் போகவில்லை.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பம் உங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறது. காலையில் போய்ச் சேர்ந்தோம். கரையில் மரியம்மாள் என்று ஓர் அம்மா டீக்கடை வைத்திருக்கிறாள். பஞ்சாட்சரத்தை அங்கே உட்காரவைத்துவிட்டு நான் படகு படகாகப் போய்ப் பார்த்தேன். முதல் படகு பெரியது, இரண்டு எஞ்சின், மேலே நிழலுக்குக் கூரை, புது லைஃப் ஜாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்கின. படகுக்காரர் மணிவண்ணன் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வானத்தைப் பார்த்தார். "மத்தியானத்துக்கு மேல காத்து மாறும் பெரியவரே, அதுக்குள்ள திரும்பிடணும்" என்றார். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். இரண்டாவது படகில் மீன் நாற்றம் தாங்கவில்லை. அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். மூன்றாவது, சத்யராஜ் என்ற ஆளுடையது. படகின் மூக்கில் ஒட்டுப் போட்டிருந்தது. எஞ்சினை நைலான் கயிற்றால் கட்டியிருந்தான். ஜாக்கெட்டுகளின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். எப்போது வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றான். உனக்கு நன்றாக நீந்த வருமாப்பா என்று அவனிடம் கேட்டேன். சிரித்தான். அதைக் கேட்டுக்கொண்டேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவனைச் சாகவிட எனக்கு மனம் வராது.

பஞ்சாட்சரத்தை அழைத்துவந்து முதல் படகைக் காட்டினேன். இதுதான் நமக்கு, ஆபத்தில்லாதது என்றேன். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான். இரண்டாவதைக் காட்டினேன், மூக்கைப் பிடித்தான். மூன்றாவதன் பக்கத்தில் வந்ததும் நிற்காமல் நடந்தேன்.

"இது இன்னா மாமா?" என்றான்.

"இது வேணாம் மச்சான். மூக்குல பாரு, ஒட்டு. எஞ்சினைக் கயித்தால கட்டி வெச்சிக்கினு இருக்கான். காத்து மாறப்போவுதுன்னு பெரிய படகுக்காரரு சொன்னாரு. உனக்கு நீச்சலும் தெரியாது."

அவன் படகைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். வைகாசிக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

"பெரிய படகுக்காரன் எவ்ளோ கமிஷன் தரேன்னான்? இங்கயும் வந்து கடைக்கு ஆள் புடிக்கிறீங்களா?"

"சத்தியமா சொல்றேம்பா."

"சத்தியம் வேற பண்றாரு. யம்மா டீக்கடை, கேட்டுக்க. இவரு தாமல் ஏரியில விரால் புடிச்சி ஏரியையே வத்த வெச்சவரு."

மரியம்மாள் சிரித்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். குரலை உயர்த்தி, போகாதே, வேண்டாம் என்று கெஞ்சினேன். அதைத்தான் மரியம்மாள் உங்களிடம் சாட்சியாகச் சொல்லியிருக்கிறாள். பெரியவர் எவ்வளவோ தடுத்தார், அவர்தான் கேட்கவில்லை என்று. அவள் சொன்னதில் பொய்யே இல்லை. நான் சொன்னதிலும் இல்லை. அவனிடம் நான் ஒரு வார்த்தை விடாமல் உண்மை பேசிய நாள் அது ஒன்றுதான்.

நான் ஏறவில்லை. எனக்குக் கடலென்றால் பயம் என்றேன். அதையும் அவன் நம்பவில்லை. ஜாக்கெட்டையாவது மாட்டிக்கோ என்றேன்.

"நீங்க மாட்டிக்கினு கரையில குந்துங்க மாமா. அல வந்து இழுத்துக்கினு பூடப் போவுது."

படகு போயிற்று. நான் மணலில் உட்கார்ந்தேன். மரியம்மாள் ஒரு டீ கொடுத்தாள். இஞ்சி போட்டு நன்றாக இருந்தது.

மணிவண்ணன் சொன்னபடியே காற்று மாறியது. மற்ற படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. கடைசியாக இது தெரிந்தது. கரைக்கு வெகு தூரம் இல்லை. பஞ்சாட்சரம் எழுந்து நின்று கையைத் தூக்கி எதையோ காட்டினான். வெயிலில் பளிச்சென்று இருந்தது. மீன். நானும் கையைத் தூக்கினேன். அப்போது எஞ்சின் நின்றது. படகு குறுக்காகத் திரும்பியது. பின்னால் வந்த அலை அதை ஒரு புரட்டுப் புரட்டியது. அவ்வளவுதான். கதையில் சொல்வதாக இருந்தால் நான் இதைவிடப் பெரிதாகச் சொல்லியிருப்பேன்.

சத்யராஜ் நீந்திக் கரையேறினான். மணலில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டே என்னிடம் சொன்னான். "ஒரு கையால படகைப் புடிச்சிருந்தாரு சார். மீனை விட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிங்கன்னு கத்தினேன். மாமாகிட்ட காட்டணும், வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாருன்னு சொன்னாரு சார்."

மறுநாள் பஞ்சாட்சரம் தெற்கே தள்ளிக் கரை ஒதுங்கியிருந்தான். நீங்கள்தான் அடையாளம் காட்டச் சொல்லி அழைத்தீர்கள். முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. விரல்களைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கடலாலும் அந்தக் கத்தரிப்பூ நிறத்தை எடுக்க முடியவில்லை. மீன் கையில் இல்லை. ஒரு பாரை மீன் என்று சத்யராஜ் சொன்னான், முழங்கை நீளம் என்றான். நான் நம்புகிறேன்.

இப்போது சத்யராஜை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் மேல் தப்பு இருக்கிறது, அது ஒட்டுப் போட்ட படகின் தப்பு. அந்தப் படகு பல வருஷமாக அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது. ஒருவனைத் தேடிப் பிடித்து அதில் ஏற்றியவன் நான். வேண்டாம் என்று சொன்னால் ஏறுவான் என்று தெரிந்து, ஏறுவதற்காகவே வேண்டாம் என்று சொன்னேன். நான் செய்தது இது. நீங்கள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கமானதுதான். கிழவன் துக்கத்தில் உளறுகிறான் என்று நினைக்கிறீர்கள். எங்கள் தெருவில் விசாரித்தாலும் அவர் சொல்வதை நம்பாதீர்கள் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்னம்மாளுக்காகச் செய்தேன். ஒரு சாவுச் செய்தியை அவள் இதயம் தாங்காது.

பஞ்சாட்சரம் போன செய்தியை அவளிடம் யார் சொல்வது என்று எல்லாரும் தயங்கினார்கள். கடைசியில் வடிவுதான் போய் அத்தையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னாள். அப்பா பூட்டாரு அத்தை. நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்னம்மாள் மார்பில் கை வைத்தாள். தான் தூக்கி வளர்த்த தம்பி. பெரிய குரலில் அழுதாள். தெருவே வந்து கூடியது. அழுது முடித்தாள். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டாள். வடிவுக்குத் தலை வாரிவிட்டாள். இரண்டு கவளம் ஊட்டினாள், தானும் சாப்பிட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் என்னிடம் வந்தாள். "தாய்மாமன் காரியத்துக்கு அவன் வராம இருந்தா நல்லா இருக்காது. அருளுக்குச் சொல்லுங்க. வந்த கையோட இந்தப் பொண்ணு கழுத்துல ஒரு கயித்தக் கட்டிட்டுப் போவட்டும். இனிமே இதுக்கு யாரு இருக்கா?" என்றாள். வடிவு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக என்னை நேராகக் கேட்டாள்.

"அத்தான் வருவாரா மாமா?"

கப்பல் நடுக்கடலில் இருக்கிறதும்மா, காரியத்துக்கு முடியாது, ஆவணியில் வந்துவிடுவான் என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அன்று மத்தியானம் அன்னம்மாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே உதடுகளைப் பார்த்தாள். மாமா சேதி கேட்டு அருள் எப்படி அழுதான் என்று நான் சொல்லச் சொல்ல அவளும் அழுதாள்.

அவள் தாங்கினாளே, பிறகு எதற்காக என்று கேட்கிறீர்கள். நீங்கள் படித்தவர், கேட்பீர்கள். தம்பி வேறு, பிள்ளை வேறு அம்மா. அவள் தாங்க மாட்டாள். எனக்குத் தெரியும். நான் தினமும் அவளிடம் அவனைப் பற்றிப் பேசுகிறவன்.

சத்யராஜை வீட்டுக்கு அனுப்புங்கள். என்னை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வையுங்கள், மறுப்பில்லை. வடிவிடம் மட்டும் நீங்களாக எதுவும் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். ஆவணியில் அருளின் கப்பல் சென்னைக்கு வருகிறது. நாள் தெரிந்ததும் சொல்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் என்னை வெளியே விடுங்கள். ஏழு வருஷம் கழித்து இறங்குகிறவனுக்குக் கரையில் தெரிந்த முகம் ஒன்றாவது நிற்க வேண்டாமா.